தொப்பையும் யானையும்: தாமஸ் நாஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த தாமஸ் நாஸ்ட்?

அமெரிக்காவில் 1860-களிலும் 70-களிலும் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்ற வார இதழில் அரசியல் கார்ட்டூன் வரைந்தவர். குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தொப்பையும் வெள்ளைத் தாடியும் என்று இன்று உலகமே பழகிப்போயிருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இவர் பென்சிலுக்கு உண்டு. நியூயார்க் நகரத்தின் கஜானாவைச் சுருட்டிய ஒரு கும்பலைச் சந்திக்கு இழுத்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. ஐரிஷ்காரர்களைக் குரங்கு மூஞ்சியோடு வரைந்ததும் இதே கைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பாதி நாஸ்ட்தான் கிடைப்பார்.

எந்த ஊர்க்காரர்?

பிறந்தது 1840 செப்டம்பரில், லாண்டாவ் என்ற கோட்டை நகரத்தில். இன்றைக்கு அது ஜெர்மனி, அன்றைக்கு பவேரிய அரசின் கையில் இருந்தது. அப்பா பட்டாளத்து பேண்டில் டிராம்போன் வாசித்தவர். குழந்தை பிறந்ததே படைக் குடியிருப்பில்தான். அப்பாவுக்குப் பொதுவுடைமைப் பக்கம் சாய்வு, வாயும் கொஞ்சம் நீளம். ஊரில் இருந்தால் வம்பு என்று 1846-இல் மனைவியையும் மகளையும் மகனையும் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டு, அவர் கப்பல் வேலை பார்த்துச் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார். ஆறு வயதுப் பையன் இங்கிலீஷ் தெரியாமல் நியூயார்க் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தான். படிப்பு ஏறவில்லை.

அவருக்குப் படிக்கவே தெரியாது என்கிறார்களே?

அது மிகை. எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதுவார், பிழை ஏராளமாக இருக்கும். ஒரு தலையங்கத்தை மளமளவென்று படித்து முடிக்கிற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குறையை அடைத்தவர் மனைவி சாரா எட்வர்ட்ஸ். 1861 செப்டம்பரில் கல்யாணம். அவர் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள், வரலாறு, ஷேக்ஸ்பியர் நாடகம் என்று சாரா வாசித்துக் காட்டுவார். படத்துக்கு அடியில் போடும் வாசகங்களிலும் அவர் கை இருந்தது. நாஸ்ட் படங்களில் ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள் அடிக்கடி தலைகாட்டுவதைப் பார்த்தால், மனிதர் எவ்வளவு படித்தவர் என்று தோன்றும். படித்தவர் சாரா. நாஸ்ட் காதால் கேட்டவர்.

இதை ஒரு துணுக்காக மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காதால் கேட்டதை மறக்காமல் வைத்துக்கொள்ள, கேட்டதையெல்லாம் ஏதாவது ஓர் உருவமாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பேராசை என்றால் ஒரு பணமூட்டை, ஒரு கட்சி என்றால் ஒரு மிருகம். நாஸ்டின் மொத்தத் தொழிலும் இதுதான். அன்றைய நியூயார்க்கில் எழுத்து தெரியாத வாக்காளர்களும் உலகத்தை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எந்த வயதில் பத்திரிகைக்கு வந்தார்?

பதினைந்தில். 'ஃபிராங்க் லெஸ்லி' பட இதழின் அதிபரிடம் போய் வேலை கேட்டார். சின்னப் பையனாக இருக்கிறானே, விரட்டிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கிறிஸ்டோஃபர் தெருப் படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடைசிப் படகுக்கு முண்டியடிக்கும் காட்சியை வரைந்துகொண்டு வரச் சொன்னார் அவர். தேர்ந்த கைக்கே சிரமமான வேலை. பையன் வரைந்துகொண்டு வந்துவிட்டான். வாரம் 4 டாலர் சம்பளம்.

அந்த இதழ் 1858-இல் நியூயார்க்கின் கலப்படப் பாலுக்கு எதிராகப் படம் போட்டுப் போராடியது. சாராயம் காய்ச்சி மிஞ்சிய கசடைத் தின்ற மாடுகளின் பால் குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊழலைப் படம் போட்டு உலுக்கலாம் என்ற பாடம் நாஸ்டுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கரிபால்டியோடு இத்தாலியில் இருந்தாராமே?

ஆமாம். 1860-இல் ஒரு குத்துச்சண்டைப் போட்டியை வரைய இங்கிலாந்து போனவர், அப்படியே இத்தாலிக்குப் போய், அந்த நாட்டை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டியின் படையெடுப்பை லண்டன் பட இதழுக்கு வரைந்து அனுப்பினார். 1861 பிப்ரவரியில் ஊர் திரும்பும்போது வயது இருபது, கையில் காசு கிடையாது.

கேமராவால் அச்சுத்தகடு எடுக்கும் முறை இல்லாத காலத்தில் படம் எப்படி அச்சுக்குப் போனது?

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாக்ஸ் என்று ஒரு மரம். கெட்டியானது, இழை நெருக்கமானது, நுணுக்கமாகச் செதுக்கினாலும் சிதறாது. ஆனால் அடிமரம் பெருக்காது. அதைக் குறுக்கே அறுத்தால் கையகலத் துண்டுகள்தான் கிடைக்கும். பத்திரிகையின் முழுப்பக்கப் படத்துக்கு அப்படிப் பல துண்டுகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு முடுக்கி ஒரே பலகையாக்குவார்கள். முகப்பில் வெள்ளைப் பூச்சு. நாஸ்ட் அதன்மேல் பென்சிலால் நேரடியாக வரைவார், அதுவும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதைப் போல.

வரைந்து முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி, துண்டுகளை ஆளுக்கொன்றாகச் செதுக்குகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மேசையில் தொப்பை, இன்னொருவர் மேசையில் பூட்ஸ். பென்சில் கோட்டை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் உளியால் குடைந்து எடுக்க வேண்டும். அப்புறம் துண்டுகளை மறுபடி முடுக்கி, இணைப்புகளில் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, அந்தப் பலகையிலிருந்து செம்புத் தகட்டில் பிரதி எடுத்து அச்சேற்றுவார்கள். நாஸ்டின் பென்சில் பட்ட அசல் அந்த வாரமே உளிக்குப் பலியாகிவிடும்.

ஆரம்பத்தில் தூரிகையால் நிழலைப் பரப்பி வரைவார். அந்தச் சாம்பல் நிறத்தைக் கோடுகளாக்குவது செதுக்குகிறவர் பாடு. பிறகு வழியை மாற்றி, குறுக்கும் நெடுக்குமான பென்சில் கோடுகளாலேயே நிழலையும் போடத் தொடங்கினார். செதுக்குகிறவர் கோட்டைப் பின்தொடர்ந்தால் போதும். நாஸ்டின் படம் என்று தூரத்திலேயே கண்டுகொள்ளக்கூடிய அந்தக் கறுத்த, அழுத்தமான தோற்றம் இப்படி வந்ததுதான்.

உள்நாட்டுப் போரில் என்ன செய்தார்?

1862-இல் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் நிரந்தரமாகச் சேர்ந்தார். வடக்கின் பக்கம், லிங்கன் பக்கம், அடிமை முறைக்கு எதிர்ப்பக்கம். இதில் அவருக்குத் தடுமாற்றமே இருந்ததில்லை.

முக்கியமான படம் 1864 செப்டம்பர் 3 தேதியிட்ட 'தெற்கோடு சமரசம்'. தேர்தல் ஆண்டு. சமாதானம் பேசிவிடலாம் என்ற குரல் ஜனநாயகக் கட்சியில் ஓங்கியிருந்த நேரம். ஒரு காலை இழந்த வடக்குச் சிப்பாய் தலைகுனிந்து கைகொடுக்கிறான். நிமிர்ந்து நிற்கும் தெற்குக்காரனின் பூட்ஸ் ஒரு கல்லறை மேல் இருக்கிறது. 'பயனற்ற போரில் மடிந்த வீரர்கள்' நினைவாக என்று கல்லில் எழுத்து. பக்கத்தில் அமெரிக்காவின் உருவகமான கொலம்பியா முகத்தை மூடி அழுகிறாள். லிங்கன் தரப்பு இந்தப் படத்தைப் பிரச்சாரத்துக்காகத் தனியாக அச்சடித்து ஊரெங்கும் விநியோகித்தது. ஆட்களைப் படையில் சேர்ப்பதில் நம்முடைய சிறந்த சார்ஜண்ட் நாஸ்ட்தான் என்று லிங்கன் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு.

ட்வீட் யார்? என்ன கொள்ளை?

வில்லியம் ட்வீட். நாற்காலி செய்யும் குடும்பத்துப் பிள்ளை. தீயணைப்புக் குழுவில் பெயர் எடுத்து அரசியலுக்கு வந்தவர், ஆள் மலைபோல இருப்பார். 'டமானி ஹால்' என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பு அவர் கையில் இருந்தது, அந்த அமைப்பின் கையில் நியூயார்க் இருந்தது. மேயர் ஓக்கி ஹால், கணக்கு அதிகாரி கானலி, கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்வீனி, பாஸ் ட்வீட். இந்த நால்வரைத்தான் 'ட்வீட் கும்பல்' என்பார்கள்.

வழிமுறை நமக்குப் புதிதல்ல. காண்ட்ராக்டர் செய்த வேலைக்குப் பல மடங்கு பில் போடுவார், நகராட்சி அதைப் பாஸ் செய்யும், பெரும்பகுதி திரும்பி மேலே போகும். சேம்பர்ஸ் தெருவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் கட்டினார்கள். செலவுக் கணக்கு 1 கோடியே 20 லட்சம் டாலரைத் தாண்டியது. 1867-இல் அலாஸ்கா முழுவதையும் ரஷ்யாவிடமிருந்து வாங்க அமெரிக்கா கொடுத்ததே 72 லட்சம்தான். அந்தக் கட்டடத்தில் சுவர்ப் பூச்சு வேலைக்கு மட்டும் கார்வி என்ற ஒருவருக்கு 28 லட்சத்துக்கு மேல். 'பூச்சு இளவரசர்' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டின. மொத்தக் கொள்ளை எவ்வளவு என்பது கணக்குப் பார்த்தவரைப் பொறுத்து 3 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை போகிறது.

நாஸ்ட் அதை எப்படி வரைந்தார்?

வாரா வாரம், விடாமல். ட்வீட்டின் சட்டையில் 15,500 டாலர் பெறுமான வைர ஊசி ஒன்று இருந்தது. நாஸ்ட் அதை எல்லாப் படத்திலும் மின்ன வைத்தார். தொப்பையைப் பெரிதாக்கினார், கண்ணைச் சின்னதாக்கினார். 1871 அக்டோபரில் வந்த ஒரு படத்தில் முகமே கிடையாது. கோட்டுக்கு மேல் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பணமூட்டை, அதில் கண் மூக்குக்குப் பதிலாக டாலர் குறி, கீழே வைர ஊசி. யாரென்று கேட்க ஆளே இருந்திருக்காது.

இன்னும் பெயர் பெற்றது அதே ஆண்டு ஆகஸ்ட் 19 தேதியிட்ட படம். கேள்வி: மக்கள் பணத்தைத் திருடியது யார்? கும்பல் முழுக்க வட்டமாக நிற்கிறது. ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைக் காட்டுகிறான். 'இவன்தான்.' வட்டத்தில் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் எந்த நாட்டு விசாரணைக் கமிஷனுக்கும் அப்படியே பொருந்தும் படம்.

நவம்பர் தேர்தலை ஒட்டி ஒரு புலி. ரோமானிய அரங்கில் டமானி புலி கொலம்பியாவைக் கீழே தள்ளி மேலே ஏறி நிற்கிறது. சக்கரவர்த்தி ஆசனத்தில் ட்வீட். 'என்ன செய்துவிடப் போகிறீர்கள்?' என்பது வாசகம். புலியும் சும்மா வரவில்லை. ட்வீட் வளர்ந்த தீயணைப்புக் குழுவின் சின்னமே புலித்தலைதான். எதிராளியின் வீட்டுப் பொருளையே எடுத்து அவன்மேல் எறிவது நாஸ்டின் பழக்கம்.

ட்வீட் என்ன செய்தார்?

'அந்தப் பாழாய்ப்போன படங்களை நிறுத்துங்கள். பத்திரிகைகள் என்னைப் பற்றி எழுதுவது எனக்குப் பெரிதில்லை. என் வாக்காளர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் கண்ணில் படாமல் இருக்காதே' என்ற கருத்தில் அவர் பேசியது பிரபலம்.

அப்புறம் பணம். நாஸ்ட் இறந்து இரண்டு ஆண்டு கழித்து வெளியான வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. வங்கிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, ஐரோப்பாவுக்குப் போய் ஓவியம் படிக்க உங்களுக்கு 1 லட்சம் டாலர் தர ஆள் இருக்கிறது என்றாராம். நாஸ்ட் 2 லட்சம் கிடைக்குமா என்று இழுத்து, ஏற்றிக்கொண்டே போய் 5 லட்சத்தில் நிறுத்தினார். வந்தவர் அதற்கும் சரி என்றார். அதன்பிறகு, அந்த ஆட்களில் சிலரைக் கம்பிக்குப் பின்னால் தள்ளுவதாக முடிவு செய்திருக்கிறேன், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவர் ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு தொகை அது.

அவரைப் போலவே அவருடைய அதிபர்களுக்கும் சோதனை வந்தது. ஹார்ப்பர் நிறுவனம் நியூயார்க் பள்ளிகளுக்குப் பாடநூல் விற்றுக்கொண்டிருந்தது. நகராட்சி அந்த வியாபாரத்தில் கை வைத்தது. பங்காளிகள் சிலர் தயங்கினார்கள். ஃபிளெட்சர் ஹார்ப்பர் அசையவில்லை. இதழின் விற்பனை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக ஏறியதும் உண்மை. ஆனால் தயங்கியபோது அது தெரிந்திருக்காது. நாஸ்டின் கதையில் உரிய இடம் கிடைக்காத ஆள் யாரென்றால் இந்த முதலாளியைத்தான் சொல்வேன்.

அப்படியானால் ட்வீட்டை வீழ்த்தியது கார்ட்டூன்தானா?

இல்லை. கார்ட்டூன் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கும்பலின் கணக்கைப் பார்த்துவந்த அதிகாரி ஒருவர் 1871 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் செத்துப்போனார். அந்த இடைவெளியில் கணக்கேட்டின் நகல்கள் வெளியே வந்தன. ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' அவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. அந்த எண்கள் இல்லாமல் வழக்கு நின்றிருக்காது. எண்களுக்கு ஒரு முகம் கொடுத்தவர் நாஸ்ட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நவம்பர் தேர்தலில் கும்பலின் ஆட்கள் பெரும்பாலும் தோற்றார்கள். ட்வீட் மட்டும் தன் தொகுதியில் மாநில செனட்டுக்கு ஜெயித்துவிட்டார். படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று அவர் பயந்த அதே வாக்காளர்கள், பார்த்துவிட்டும் அவருக்கே போட்டார்கள். குளிர்காலத்தில் கரியும் சாப்பாடும் கொடுத்த கை அவர்களுக்கு நினைவிருந்தது.

ஸ்பெயினில் படத்தை வைத்தே பிடித்தார்களாமே?

1873 நவம்பரில் ட்வீட்டுக்கு 12 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. வெளியே வந்ததும் பண வழக்கில் மறுபடி உள்ளே. ஜாமீன் 30 லட்சம் டாலர். ஆனாலும் காவலோடு வீட்டுக்குப் போய் வர அனுமதி இருந்தது! 1875 டிசம்பர் 4 அன்று அப்படிப் போனவர் திரும்பவில்லை. ஃபுளோரிடா, கியூபா வழியாகக் கப்பலேறினார்.

1876 செப்டம்பரில் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் அவரை அடையாளம் காட்டியது நாஸ்டின் ஒரு படம். அந்த ஜூலையில் வந்தது. கைதி உடையில் ட்வீட் இரண்டு பொடிப் பையன்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். பெரிய திருடன் சில்லறைத் திருடர்களைப் பிடித்துக் கொடுத்து நல்லவனாகிறான் என்பது கிண்டல். ஆங்கிலம் தெரியாத அதிகாரிகள் இவர் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்துக் கைது செய்ததாகச் சொல்வார்கள். போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1878 ஏப்ரல் 12 அன்று நியூயார்க் லட்லோ தெருச் சிறையில் செத்துப்போனார்.

யானையையும் கழுதையையும் கண்டுபிடித்தது இவர்தானா?

யானை விஷயத்தில் கிட்டத்தட்ட ஆமாம், கழுதை விஷயத்தில் இல்லை. 1828 தேர்தலிலேயே ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று திட்டினார்கள். நாஸ்ட் 1870 ஜனவரியில் செத்த சிங்கத்தை உதைக்கும் கழுதையை வரைந்தார். அப்போதுதான் இறந்திருந்த அமைச்சர் ஸ்டாண்டன் சிங்கம், அவரைத் தூற்றிய ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் கழுதை. திரும்பத் திரும்ப வரைந்து ஒட்ட வைத்தார்.

யானை வந்தது 1874 நவம்பர் 7 தேதியிட்ட படத்தில். கிராண்ட் மூன்றாவது முறையும் அதிபராகப் பார்க்கிறார் என்று 'நியூயார்க் ஹெரால்டு' பீதி கிளப்பியது. அந்தப் பத்திரிகை சிங்கத்தோல் போர்த்திய கழுதை. அது கத்துவதைக் கேட்டுக் காட்டு மிருகங்கள் சிதறி ஓடுகின்றன. 'குடியரசுக் கட்சி ஓட்டு' என்று பெயர் எழுதிய யானை பள்ளத்தின் விளிம்பில் தடுமாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் ஜனநாயகக் கட்சி கழுதை அல்ல, நரி. யானையும் பெருமைக்கு வரையப்பட்டதல்ல. பெரிய உடம்பு, சட்டென்று மிரளும் புத்தி என்ற கிண்டல் அது. கட்சிக்காரர்கள் பிறகு அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தா?

1863 ஜனவரி இதழில் முதல் முறை: வடக்குப் படையின் முகாமில் சிப்பாய்களுக்குப் பரிசு கொடுக்கிறார், உடம்பில் நட்சத்திரமும் பட்டையும் போட்ட உடை. ஆக, அவரும் அரசியல்வாதியாகத்தான் பிறந்தார். அப்புறம் இருபத்து சொச்சம் ஆண்டுகள் ஒவ்வொரு டிசம்பரிலும் வரைந்து, குண்டு உடம்பு, புகைக்குழாய், வட துருவத்தில் வீடு எல்லாவற்றையும் சேர்த்தார். அடிப்படை, ஜெர்மானிய ஊரில் சின்ன வயதில் கேட்ட மயிர்ச்சட்டைக் கிழவன் கதை.

கங்கை நதியை வைத்து ஒரு படம் வரைந்தாரே, அது என்ன?

'அமெரிக்கக் கங்கை நதி', 1871 செப்டம்பர் 30. நாஸ்ட் வரைந்ததில் தொழில்நேர்த்தி மிகுந்த படங்களில் ஒன்று, விஷம் மிகுந்ததும் அதுவே. ஆற்றிலிருந்து முதலைகள் கரையேறுகின்றன. உற்றுப் பார்த்தால் அவை ஊர்ந்து வரும் கத்தோலிக்க ஆயர்கள். அவர்கள் தலையில் இருக்கும் கூம்புத் தொப்பிதான் முதலையின் வாய். கரையில் நடுங்கும் குழந்தைகள், அவர்களை மறைத்து நிற்கும் ஓர் ஆசிரியர். பின்னால் இடிந்த அரசுப் பள்ளி, தலைகீழாகத் தொங்கும் கொடி. மேட்டிலிருந்து ட்வீட்டின் ஆட்கள் குழந்தைகளைக் கீழே தள்ளுகிறார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரக்கூடாது என்பது வாதம். அந்த வாதத்தில் அன்றைக்கு நியாயம் பேச இடம் இருந்தது. படத்தில் வாதம் இல்லை, பயம்தான் இருக்கிறது.

சரி, கங்கை எங்கிருந்து வந்தது? இந்தியத் தாய்மார்கள் பெற்ற பிள்ளையைக் கங்கையில் முதலைக்கு எறிகிறார்கள் என்ற கதையை மிஷனரிப் பிரசுரங்கள் படத்தோடு பரப்பி வந்தன. அமெரிக்க வாசகர் வீடுகளில் அது ஊறிப்போன சங்கதி. நாஸ்ட் அதை எடுத்து ஆயர்களின்மேல் போர்த்தினார். ஒரே படத்தில் இரண்டு சமூகத்தை இழிவு செய்தாயிற்று, அதில் ஒன்று அவர் கண்ணால் பார்த்திராத நம்முடையது.

அவரே பிறப்பால் கத்தோலிக்கர், குடியேறிவந்த குடும்பம். இருந்தும் ஐரிஷ்காரர்களை வரையும்போதெல்லாம் குரங்குத் தாடை, கையில் சாராய பாட்டில், வெடிமருந்துப் பீப்பாய். 1863 ஜூலையில் நியூயார்க்கில் ஐரிஷ் கும்பல்கள் கருப்பினத்தாரைத் தேடித் தாக்கி, அநாதைக் குழந்தைகள் இல்லத்தைக் கூடக் கொளுத்தியதை அவர் மறக்கவில்லை, டமானிக்கு ஐரிஷ் ஓட்டு விழுந்ததையும் மறக்கவில்லை. காரணம் புரிகிறது. ஒரு கலவரக்காரனின் முகத்தை ஓர் இனத்துக்கே மாட்டியதற்கு அது சமாதானம் ஆகாது. 2011-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் புகழ்மன்றத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது ஐரிஷ், கத்தோலிக்க அமைப்புகள் எதிர்த்தன. அவர் தேர்வாகவில்லை.

கருப்பின மக்கள், சீனர்கள் பற்றி?

இங்கே வேறு நாஸ்ட் தெரிவார். 1869-இல் எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தை வரைந்தார். 1871-இல் கும்பலிடமிருந்து ஒரு சீனரைக் கொலம்பியா காப்பாற்றுவதாக வரைந்தார். 1874-இல் 'அடிமைத்தனத்தைவிடக் கொடுமை' என்ற படத்தில், செத்த குழந்தையோடு ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கருப்பினக் குடும்பத்தின் தலைக்கு மேல் வெள்ளை வெறியர் இருவர் கைகுலுக்குகிறார்கள்.

அதே 1874-இல் தெற்கின் கருப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களைக் கோமாளிகளாகவும் வரைந்தார். 1876-இல் ஒரு தராசில் கருப்பினத்தவரையும் ஐரிஷ்காரரையும் வைத்து இரண்டும் ஒரே எடையுள்ள 'அறியாமை ஓட்டு' என்றார். அவர் சார்ந்த குடியரசுக் கட்சிக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இருந்தவரை கண்ணியமாக வரைந்தார், கட்சி சலித்தபோது அவர் பென்சிலும் சலித்தது என்றே நான் படிக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படித்த மனிதர் அறியாமை ஓட்டு என்று கிண்டல் செய்ததைச் சாரா எப்படி எடுத்துக்கொண்டாரோ.

கிரீலி என்பவரைக் கொன்றே விட்டார் என்கிறார்களே?

பேச்சு வழக்கு. ஹொரேஸ் கிரீலி பழுத்த பத்திரிகை ஆசிரியர், அடிமை முறையை எதிர்த்தவர். 1872-இல் நாஸ்டின் நண்பர் கிராண்டை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடைக்கு அடியில் வளர்த்த தாடி என்று கார்ட்டூனுக்கென்றே பிறந்த உருவம். நாஸ்ட் இரக்கம் காட்டவில்லை. ஹார்ப்பர்ஸ் வீக்லியின் ஆசிரியர் கர்டிஸ் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. துணை வேட்பாளர் கிராட்ஸ் பிரவுனின் படம் கையில் சிக்கவில்லை என்று, கிரீலியின் கோட்டு வாலில் தொங்கும் ஒரு பெயர்ச்சீட்டாக அவரை வரைந்தார். படம் கிடைத்த பிறகும் சீட்டாகவே விட்டுவிட்டார். ஆளைவிட சீட்டு நன்றாக இருந்தது.

நான் நிற்பது அதிபர் பதவிக்கா, சிறைச்சாலைக்கா என்று தெரியாத அளவுக்கு அடிபட்டேன் என்று கிரீலி நொந்துகொண்டார். தேர்தலுக்குச் சில நாள் முன்பு மனைவி இறந்தார். தோற்றார். நவம்பர் 29 அன்று அவரும் இறந்தார்.

நம்மூர் கார்ட்டூன்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கேலிச்சித்திரங்கள் வெளியிட்ட காலத்தில் இந்தியப் பத்திரிகைகளுக்கு முன்மாதிரி லண்டனின் 'பஞ்ச்' இதழ்தான். நாஸ்டும் பஞ்சின் ஓவியர் டென்னியலின் படங்களைப் பார்த்துப் பழகியவரே. ஒரே தாத்தா, இரண்டு கிளை.

'நாஸ்டி' என்ற ஆங்கிலச் சொல் இவர் பெயரிலிருந்து வந்ததா?

இல்லை. அவர் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இருந்த சொல்.

பிறகு ஏன் மங்கிப் போனார்?

1877-இல் ஃபிளெட்சர் ஹார்ப்பர் இறந்தார். பின்பலம் போயிற்று. படங்களைத் திருத்தச் சொல்வதும் நிறுத்தி வைப்பதும் தொடங்கின. 1880 வாக்கில் மரக்கட்டை போய்ப் புகைப்பட முறை வந்தது. பேனா மையால் வரைய வேண்டும். பென்சிலின் அழுத்தம் அதில் வரவில்லை. கெப்ளர் என்ற ஆஸ்திரியாக்காரர் 'பக்' இதழில் பல வண்ணத்தில் அசத்திக்கொண்டிருந்தார். 1884-இல் தன் கட்சி வேட்பாளர் பிளெய்ன் யோக்கியர் அல்ல என்று ஜனநாயகக் கட்சியின் கிளீவ்லாந்தை ஆதரித்தார். பழைய வாசகர்கள் முகம் திருப்பினார்கள். அதே ஆண்டு மே மாதம் 'கிராண்ட் அண்ட் வார்டு' என்ற நிதி நிறுவனம் அதன் பங்குதாரர் வார்டின் மோசடியில் கவிழ்ந்தது. கிராண்டின் பெயரை நம்பிப் போட்ட நாஸ்டின் சேமிப்பும் அதோடு போயிற்று. வாழ்நாளெல்லாம் திருடர்களை வரைந்தவருக்கு அந்த ஒரு முகம் பிடிபடவில்லை.

1886 முடிவில் ஹார்ப்பர்ஸிலிருந்து விலகினார். 1892-இல் சொந்தமாக நடத்திப் பார்த்த வார இதழ் சில மாதத்தில் நின்றது.

எங்கே, எப்படி இறந்தார்?

1902-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், தூதரகத்தில் ஏதாவது வேலை கேட்டவருக்கு ஈக்குவடாரின் குவாயகில் துறைமுகத்தில் கான்சல் ஜெனரல் பதவி கொடுத்தார். ஐரோப்பாவில் எங்காவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர், கடன் இருந்ததால் ஒத்துக்கொண்டு ஜூலையில் கிளம்பினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியது. இடத்தை விட்டு நகராமல் வேலை பார்த்தார். டிசம்பர் 7 அன்று அதே காய்ச்சலில் இறந்தார். வயது 62.

அவர் படங்களை எங்கே பார்க்கலாம்?

அவர் குடியிருந்த நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில், அவர் வீட்டுக்கு எதிரே இருந்த மெக்கல்லக் மாளிகை இப்போது அருங்காட்சியகம். பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பழைய ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழ்கள் நூலகங்களின் மின்பிரதிகளாகக் கிடைக்கின்றன. இரட்டைப் பக்கப் படம் ஒன்றைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சில இடங்களில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு படத்தின் குறுக்கே நேராக ஓடும், ஒரு தொப்பையையோ தூணையோ இரண்டாகப் பிளந்துகொண்டு. இரண்டு மரத்துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கிய இடம் அது. ஒரு பக்கம் ஒருவர் உளி, மறுபக்கம் வேறொருவர் உளி.